மதுபாலா: இதயத்தில் ஓட்டையோடு ஒரு குடும்பத்தையே சுமந்த நட்சத்திரம்

பிப்ரவரி 14 வந்தால் போதும், நம்ம ஃபோனில் ஒரு கறுப்பு வெள்ளை முகம் எட்டிப் பார்க்கும். லேசாகச் சாய்ந்த தலை, ஒரு பக்கமாக ஏறும் சிரிப்பு, நெற்றியில் விழும் சுருள்முடி. காதலர் தினத்தில் பிறந்த பேரழகி என்று ஒரு வரி, பின்னணியில் ஒரு பழைய இந்திப் பாட்டு. ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவோம்.

அவர்தான் மதுபாலா. 'ரோஜா' படத்தில் பார்த்தோமே, அந்த மதுபாலா இல்லை. அவருக்கு இரண்டு தலைமுறை முந்தையவர். 1933-ல் பிறந்து, ஒன்பது வயதில் கேமரா முன் நின்று, 27 வயதில் 'முகல்-ஏ-ஆஸம்' படத்தின் அனார்கலியாக நாடு முழுக்கப் பேசப்பட்டு, 36 வயதில் இறந்துபோனவர்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: அழகு, திலீப் குமாருடனான காதல், சோகமான முடிவு. இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கதை ஓடுகிறது. அது ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை. வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவர். உடம்பில் ஒரு பெரிய கோளாறு. அது தெரிந்த பிறகும் வேலையை நிறுத்த முடியவில்லை. முதல் வேலையில் சேர்ந்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய யாருக்கும் இந்தக் கதை கொஞ்சம் நெருக்கமாகவே இருக்கும்.

டெல்லியிலிருந்து பம்பாய்க்கு

அவருடைய இயற்பெயர் மும்தாஜ் ஜெஹான் பேகம் தெஹ்லவி. பிறந்தது டெல்லியில். அப்பா அதாவுல்லா கான், பஷ்தூன் வம்சாவளியைச் சேர்ந்தவர். அம்மா ஆயிஷா பேகம். பதினொரு குழந்தைகளில் மும்தாஜ் ஐந்தாவது. சிலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள்.

அப்பா இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த வேலை போனதும் குடும்பம் ஆட்டம் கண்டது. நன்றாகப் பாடவும் ஆடவும் தெரிந்த மகளை வைத்து சினிமாவில் வாய்ப்பு தேடலாம் என்று அவர் முடிவெடுத்தார். 1940-களின் தொடக்கத்தில் மூட்டை முடிச்சோடு குடும்பம் பம்பாய்க்கு வந்தது.

அப்போது பம்பாயின் பெரிய ஸ்டுடியோ, மலாடில் இருந்த பாம்பே டாக்கீஸ். அங்கே எடுக்கப்பட்ட 'பசந்த்' (1942) படத்தில் மும்தாஜுக்கு ஒரு குழந்தை வேடம் கிடைத்தது. படம் பெரிய வெற்றி. அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடம் போய்ப் படித்தார் என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. ஆங்கிலத்தைக்கூட வளர்ந்த பிறகு, வேலைக்கு நடுவே, ஆர்வத்தால் கற்றுக்கொண்டார்.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில், வெடிமருந்து ஏற்றி வந்த கப்பல் ஒன்று வெடித்துச் சிதறியது. நகரத்தின் ஒரு பகுதியே தீக்கிரையானது. அதில் இந்தக் குடும்பத்தின் வீடும் போய்விட்டது என்றும், அந்த நேரத்தில் எல்லோரும் சினிமா பார்க்கப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார்கள் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மும்தாஜுக்கு அப்போது 11 வயது.

14 வயதில் கதாநாயகி

இயக்குநர் கேதார் ஷர்மா 'நீல் கமல்' (1947) படத்தில் அவரைக் கதாநாயகியாக்கினார். ஜோடி ராஜ் கபூர். அவருக்கும் கதாநாயகனாக அதுதான் ஆரம்ப காலம். மும்தாஜுக்கு வயது 14. டைட்டிலில் மும்தாஜ் என்றுதான் பெயர் வந்தது. மதுபாலா என்ற பெயர் அதற்குப் பிறகு நிலைத்தது. பாம்பே டாக்கீஸை நடத்திய நடிகை தேவிகா ராணிதான் அந்தப் பெயரைச் சூட்டினார் என்பார்கள்.

கேதார் ஷர்மா பிற்காலத்தில் இந்தச் சிறுமியை நினைவுகூர்ந்தபோது அவளுடைய அழகைவிட உழைப்பைத்தான் அதிகம் சொன்னார். மலாடிலிருந்து தாதருக்குத் தினமும் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில், நெரிசலில் நின்றபடி வருவாளாம். சாப்பாட்டைத் தவறவிட்டாலும் வேலைக்குத் தாமதமாக வந்ததில்லை, லீவு போட்டதும் இல்லை. மெஷின் மாதிரி வேலை செய்தாள் என்பது அவர் சொன்னதன் சாரம்.

பாராட்டுதான். ஆனா கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், 14 வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்லப்பட்ட பாராட்டு அது. அவளுடைய சம்பளத்தை நம்பி வீட்டில் அடுப்பு எரிந்தது.

'மஹல்' என்ன செய்தது?

1949-ல் வந்த 'மஹல்' எல்லாவற்றையும் மாற்றியது. கமால் அம்ரோஹி இயக்கிய முதல் படம். கதாநாயகன் அசோக் குமார், அப்போதே பெரிய நட்சத்திரம். பாழடைந்த மாளிகை, மறுபிறவி, நள்ளிரவில் ஊஞ்சலாடும் ஒரு பெண் என்று இந்தியில் பேய்க்கதைப் படங்களுக்குப் பாதை போட்ட படம். 16 வயது மதுபாலாவை இவ்வளவு பெரிய வேடத்துக்குப் போடுவதில் ஸ்டுடியோவுக்குத் தயக்கம் இருந்தது. கமால் அம்ரோஹி பிடிவாதமாக நின்றார்.

அந்தப் படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' பாட்டுதான் லதா மங்கேஷ்கருக்கும் பெரிய திருப்பம். கேம்சந்த் பிரகாஷ் இசை. அந்தக் காலத்து வழக்கப்படி இசைத்தட்டில் பாடகியின் பெயருக்குப் பதிலாகக் கதாபாத்திரத்தின் பெயரான காமினி என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். யார் பாடியது என்று ரேடியோ நேயர்கள் கேட்டுத் துளைத்த பிறகுதான் லதாவின் பெயர் வெளியே வந்தது. ஒரே பாட்டில் இரண்டு இளம்பெண்கள் மேலே ஏறிவந்தார்கள், ஒருவர் குரலாக, இன்னொருவர் முகமாக.

அதற்குப் பிறகு மதுபாலாவுக்குப் படங்கள் வரிசையாக வந்தன. 1951-ல் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகைக்காக ஜேம்ஸ் பர்க் அவரைப் படம் எடுத்தார். இன்றைக்கும் இணையத்தில் சுற்றும் அவருடைய ஸ்டுடியோ படங்களில் பல அந்த வரிசையைச் சேர்ந்தவை. 1952-ல் 'தியேட்டர் ஆர்ட்ஸ்' என்ற இன்னொரு அமெரிக்கப் பத்திரிகை, உலகின் மிகப் பெரிய நட்சத்திரம் ஹாலிவுட்டில் இல்லை என்ற தொனியில் அவரைப் பற்றி எழுதியது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். மொத்தம் 60-க்கும் மேற்பட்ட படங்கள். எல்லாமே நல்ல படங்கள் கிடையாது. 1950-களின் முதல் பாதியில் பல படங்கள் தோற்றன. கதையைப் பார்க்காமல் சம்பளத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளப்பட்ட படங்கள் நிறைய என்பது அன்றைய விமர்சகர்களின் குறை. எந்தப் படம், எவ்வளவு பணம், எத்தனை மணி வரை வேலை என்பதையெல்லாம் பேசி முடித்தவர் அப்பா அதாவுல்லா கான். மாலை ஆறு மணிக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. படப்பிடிப்புத் தளத்துக்குள் பத்திரிகைக்காரர்களை விடமாட்டார். அதனால் பத்திரிகைகளோடும் மோதல்.

சென்னையில் என்ன நடந்தது?

இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் நடந்தது நம்ம ஊரில்.

ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன், 'சந்திரலேகா'வின் (1948) வெற்றிக்குப் பிறகு இந்தியிலும் பெரிய தயாரிப்பாளர் ஆகியிருந்தார். ஜெமினி 1942-ல் தெலுங்கில் எடுத்த 'பாலநாகம்மா' கதையை அவர் இந்தியில் 'பஹுத் தின் ஹுவே' (1954) என்ற பெயரில் எடுத்தார். கதாநாயகி மதுபாலா. படப்பிடிப்புக்காக சென்னை வந்தார்.

இங்கே வேலை நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு இருமலோடு ரத்தம் வந்தது. வயது 21. வாசன் குடும்பத்தினர் அவரை அக்கறையோடு கவனித்துக்கொண்டார்கள். செய்தி பத்திரிகைகளிலும் வந்தது. படுக்கையில் ஓய்வு எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

ஆனா அடுத்தடுத்த படங்கள் வரிசையில் நின்றன. படத்தை முடித்துக்கொடுத்துவிட்டு பம்பாய் திரும்பியவர் மறுபடி வேலைக்குப் போனார். பிறவியிலேயே அவருடைய இதயத்தில் ஓட்டை இருந்தது தெரியவந்தது. அதைப் பற்றி வெளியே அதிகம் பேசவில்லை. நாயகி நோயாளி என்று தெரிந்தால் எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்?

அந்த ஓட்டை என்ன செய்யும்?

மருத்துவத்தில் இதை வென்ட்ரிகுலர் செப்டல் டிஃபெக்ட் என்பார்கள். சுருக்கமாக வி.எஸ்.டி. இதயத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. இடது அறை ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தத்தை உடம்பு முழுக்க அனுப்புகிறது. வலது அறை ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருந்தால், அழுத்தம் அதிகமுள்ள இடது பக்கத்திலிருந்து ரத்தம் வலது பக்கத்துக்குக் கசியும்.

ஓட்டை சின்னதாக இருந்தால் பல குழந்தைகளுக்கு அது தானாகவே மூடிக்கொள்ளும். பெரிதாக இருந்தால் நுரையீரலுக்குத் தேவைக்கு மேல் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் இது நடந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் தடித்து, அங்கே அழுத்தம் ஏறிவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் ஓட்டையை அடைப்பதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம் வருவது, சீக்கிரம் களைத்துப்போவது எல்லாம் முற்றிய நிலையின் அறிகுறிகள்.

இன்றைக்கு இது குழந்தைப் பருவத்திலேயே எக்கோ பரிசோதனையில் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்வார்கள். சில வகை ஓட்டைகளை, நெஞ்சைத் திறக்காமல், ரத்தக் குழாய் வழியாக ஒரு சின்னக் கருவியை அனுப்பியே அடைத்துவிடுகிறார்கள்.

மதுபாலாவின் காலம் அப்படியில்லை. இதயத்தைத் திறந்து இந்த ஓட்டையை முதன்முதலில் அடைத்தவர் அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் வால்டன் லில்லஹை. அது நடந்தது 1954 மார்ச்சில். அதாவது, மதுபாலா சென்னையில் நோயுற்ற அதே வருடம். சிகிச்சை அப்போதுதான் பிறந்தது. அது உலகம் முழுக்கப் பரவி, பாதுகாப்பான வழக்கமாக மாறப் பல வருடங்கள் ஆயின. அத்தனை காலம் அவருடைய இதயம் காத்திருக்கவில்லை.

காதலும் கோர்ட்டும்

'தரானா' (1951) படத்தில் மதுபாலாவும் திலீப் குமாரும் ஜோடி சேர்ந்தார்கள். அங்கே தொடங்கிய காதல் சில வருடங்கள் நீடித்தது. ஏன் முறிந்தது என்பதற்கு இரண்டு தரப்பிலும் தனித்தனிக் கதை இருக்கிறது.

2014-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் திலீப் குமார் சொன்னது இது: அதாவுல்லா கான் கல்யாணத்துக்கு எதிரி இல்லை. ஆனால் அவரிடம் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் இருந்தது. கல்யாணத்தை ஒரு வியாபாரக் கூட்டணியாக்கி, இருவரையும் தன் படங்களில் மட்டும் நடிக்க வைக்கப் பார்த்தார். அதற்குத் தான் சம்மதிக்கவில்லை. மதுபாலாவின் குடும்பத்தினர் சொல்லும் கதை வேறு. 'நயா தௌர்' வழக்குதான் எல்லாவற்றையும் கெடுத்தது, கோர்ட்டில் பேசியதற்காக அப்பாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும் என்கிறார்கள் அவர்கள்.

அது என்ன வழக்கு?

பி.ஆர்.சோப்ரா தயாரித்து இயக்கிய 'நயா தௌர்' (1957) படத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் மதுபாலாதான். பம்பாயில் சில நாள் படப்பிடிப்பும் நடந்தது. அடுத்து போபால் அருகே நீண்ட வெளிப்புறப் படப்பிடிப்பு. மகளை அனுப்ப முடியாது என்று அதாவுல்லா கான் மறுத்துவிட்டார். சோப்ரா அவரை நீக்கிவிட்டு, நம்ம வைஜெயந்திமாலாவைப் போட்டார். மதுபாலாவின் பெயரை அடித்துவிட்டு வைஜெயந்திமாலாவின் பெயரைப் போட்ட விளம்பரமே பத்திரிகையில் வந்தது. விவகாரம் பம்பாய் கோர்ட்டுக்குப் போனது.

படத்தின் கதாநாயகன் திலீப் குமார். அவர் சாட்சிக் கூண்டில் ஏறி, சோப்ரா தரப்புக்கு ஆதரவாகப் பேசினார். மதுபாலாவைத் தான் காதலிப்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டார் என்பது இந்தி சினிமாவின் மிகப் பிரபலமான கோர்ட் கதை. பிறகு சோப்ரா வழக்கைத் தொடரவில்லை. 'நயா தௌர்' பெரிய வெற்றி பெற்றது. காதல் முடிந்துபோனது.

இந்த வழக்கைக் காதல் கதையின் கிளைமாக்ஸாக மட்டும் பார்க்கத் தேவையில்லை. வேலை பார்க்கும் நமக்கு அதில் வேறொன்று கண்ணில் படும். ஒப்பந்தம் ஒரு பெண்ணின் பேரில். அதை மீறிய பழியும் அவர் தலையில். அவுட்டோர் போகலாமா கூடாதா என்ற முடிவோ அப்பாவின் கையில். அவருடைய உடல்நிலை தெரிந்த ஒருவருக்கு, நீண்ட வெளியூர்ப் படப்பிடிப்பு வேண்டாம் என்று சொல்ல நியாயமான காரணம் இருந்தது. ஆனா அந்தக் காரணத்தை வெளிப்படையாகச் சொன்னால் அடுத்த படம் வராது. ரகசியம் அவரைக் காப்பாற்றியது, அதே ரகசியம் அவரைச் சிக்கவும் வைத்தது.

சங்கிலிகளோடு 'முகல்-ஏ-ஆஸம்'

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் பின்னணியில் 'முகல்-ஏ-ஆஸம்' வளர்ந்துகொண்டிருந்தது. கே.ஆசிஃப் இந்தப் படத்தை 1940-களிலேயே வேறு நடிகர்களை வைத்துத் தொடங்கினார். பிரிவினை வந்தது, பணம் போட்டவர் பாகிஸ்தானுக்குப் போனார், படம் நின்றது. பிறகு கட்டுமானத் தொழிலதிபர் ஷாபூர்ஜி பல்லோஞ்சி பணம் போட, 1950-களில் புதிதாகத் தொடங்கியது. அக்பராக பிருத்விராஜ் கபூர், சலீமாக திலீப் குமார், அனார்கலியாக மதுபாலா.

படம் பல வருடங்கள் இழுத்தது. காதலிக்கத் தொடங்கிய இருவரும் படம் முடிவதற்குள் பேசுவதையே நிறுத்தியிருந்தார்கள். சலீம் ஓர் இறகால் அனார்கலியின் முகத்தை வருடும் காட்சியை இந்தியாவின் மிக அழகான காதல் காட்சிகளில் ஒன்று என்பார்கள். அது படமானபோது இருவரும் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளாத நிலையில் இருந்ததாக திலீப் குமாரே எழுதியிருக்கிறார்.

உடல்ரீதியாகவும் அது கடினமான வேடம். சிறைக் காட்சிகளில் அனார்கலி கட்டப்பட்டிருக்கும் சங்கிலிகள் அட்டையோ ரப்பரோ இல்லை, நிஜ இரும்பு. அவற்றைச் சுமந்து நின்று, நடந்து, உட்கார்ந்து நடித்தார். உடம்பில் காயம் பட்டது.

இன்னொரு தகவல், நமக்கு நேரடித் தொடர்புள்ளது. இந்தப் படத்தை இந்தி, தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் வெளியிடத் திட்டமிட்டார்கள். அதற்காகக் காட்சிகளை மூன்று முறை எடுத்தார்கள். அப்படின்னா, ஒரு நாளின் வேலை மூன்று மடங்கு. தமிழில் 'அக்பர்' என்ற பெயரில் 1961-ல் வந்த படம் ஓடவில்லை. அந்தத் தோல்வியோடு ஆங்கிலப் பதிப்புத் திட்டமும் கைவிடப்பட்டது. இருமலில் ரத்தம் வந்த ஒருவர், இரும்புச் சங்கிலிகளைச் சுமந்தபடி, மூன்று மொழிகளுக்காக உழைத்தார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சிறைக் காட்சியைப் பாருங்கள். அந்தக் களைப்பில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று பிரிக்கவே முடியாது.

'பியார் கியா தோ டர்னா க்யா' பாட்டுக்காக மோகன் ஸ்டுடியோவில் கண்ணாடி மாளிகை செட் போட ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் இருக்க, இந்தப் பாட்டு கலரில் விரியும். பேரரசரின் முன்னால் நின்று, பயப்பட எதுவுமில்லை என்று ஒரு நாட்டியக்காரி பாடுகிறாள். கூரையின் ஆயிரக்கணக்கான கண்ணாடித் துண்டுகளில் அவள் உருவம் சுழல்கிறது. இசை நௌஷாத். குரல் லதா.

1960 ஆகஸ்ட் 5 அன்று பம்பாய் மராத்தா மந்திர் தியேட்டரில் படம் வெளியானது. 1975-ல் 'ஷோலே' வரும் வரை அதிகம் வசூலித்த இந்தியப் படம் என்ற இடத்தைத் தக்கவைத்தது. ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகைக்கான பட்டியலில் மதுபாலா பெயர் வந்தது. விருது 'கூங்கட்' படத்துக்காக பீனா ராய்க்குப் போனது. மதுபாலா கடைசி வரை ஒரு ஃபிலிம்ஃபேர் விருதுகூட வாங்கவில்லை.

கிஷோர் குமாரும் லண்டனும்

1958 மதுபாலாவுக்கு அருமையான வருடம். 'ஹௌரா பிரிட்ஜ்', 'காலா பானி', 'சல்தி கா நாம் காடி' என்று அடுத்தடுத்து வெற்றிகள். கடைசிப் படத்தில் அசோக் குமார், அனூப் குமார், கிஷோர் குமார் என்று மூன்று சகோதரர்களும் கார் மெக்கானிக்குகளாக வருவார்கள். மழை இரவில் நனைந்தபடி காரை ரிப்பேர் செய்ய வரும் மதுபாலாவும் கிஷோரும் அடிக்கும் லூட்டி இன்றைக்கும் புதுசாக இருக்கிறது.

1960-ல் அவர் கிஷோர் குமாரைத் திருமணம் செய்துகொண்டார். சிகிச்சைக்காக இருவரும் லண்டன் போனார்கள். அங்கே டாக்டர்கள் கையை விரித்தார்கள். அறுவை சிகிச்சையைத் தாங்கமாட்டார், இன்னும் இரண்டு வருடம் இருந்தால் அதிகம் என்பது அவர்கள் கணிப்பு.

இங்கேயும் இரண்டு தரப்பு. கிஷோர் வேலை வேலை என்று சுற்றியதால் மதுபாலா தனிமையில் வாடினார், பெரும்பாலும் பாந்த்ராவில் அப்பா வீட்டில்தான் இருந்தார் என்று பிறந்த வீட்டினர் சொன்னார்கள். நோய் தெரிந்தேதான் கல்யாணம் செய்துகொண்டேன், ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டேன் என்று கிஷோர் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். மருத்துவச் செலவுகளை அவர் ஏற்றுக்கொண்டார். மற்றபடி ஒரு நோயாளியின் அறைக்குள் இருந்த தனிமையை வெளியிலிருந்து நாம் அளக்க முடியாது.

கடைசி ஒன்பது வருடங்கள்

இரண்டு வருடக் கணிப்பைத் தாண்டி மதுபாலா ஒன்பது வருடம் வாழ்ந்தார். ஏற்கெனவே நடித்து வைத்திருந்த படங்கள் 1961, 1962-ல் வந்தன. 'ஷராபி' 1964-ல் வெளியானது. அவர் உயிரோடு இருந்தபோது வெளியான கடைசிப் படம் அதுதான். 'ஜ்வாலா' அவர் இறந்த பிறகு 1971-ல் வந்தது.

உடம்பு கொஞ்சம் தேறியதாகத் தோன்றிய 1966-ல், ராஜ் கபூருடன் 'சாலாக்' படத்தில் நடிக்கப் போனார். 14 வயதில் முதல் ஜோடியாக இருந்த அதே ராஜ் கபூர். உடம்பு ஒத்துழைக்கவில்லை. படம் பாதியில் நின்றது. கேமரா முன் நிற்க முடியாவிட்டால் கேமராவுக்குப் பின்னால் நிற்கலாமே என்று, 1969-ல் 'ஃபர்ஸ் அவுர் இஷ்க்' என்ற படத்தை இயக்கத் திட்டமிட்டார்.

அந்தப் படம் தொடங்கவில்லை. 1969 பிப்ரவரி 23 அன்று, 36-வது பிறந்தநாள் முடிந்து ஒன்பதாவது நாள், அவர் இறந்தார். பம்பாயில் ஜுஹு பகுதியிலிருக்கும் முஸ்லிம் கபரஸ்தானில் அடக்கம் செய்தார்கள். 2010-ல், புதிய அடக்கங்களுக்கு இடம் வேண்டும் என்று அங்கிருந்த பழைய கல்லறைகள் அகற்றப்பட்டபோது, முகமது ரஃபியின் கல்லறையோடு மதுபாலாவின் கல்லறையும் போய்விட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 2008-ல், இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டிருந்தது.

அப்பா வில்லனா?

மதுபாலாவின் கதையைச் சொல்கிறவர்கள் அதாவுல்லா கானை வில்லனாக்கிவிடுவது வழக்கம். மகளின் பணத்தில் வாழ்ந்தார், காதலைக் கெடுத்தார், ஓய்வு கொடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. மறுபக்கமும் இருக்கிறது. பதின்வயதுப் பெண் தனியாக நடமாடப் பாதுகாப்பில்லாத ஒரு தொழிலில், ஆறு மணிக்கு வீடு, தளத்தில் வெளியாட்களுக்குத் தடை என்று அவர் போட்ட விதிகள் மகளைக் காக்கவும் செய்தன. நோயாளி மகளுக்கு அந்த ஆறு மணி விதி எவ்வளவு உதவியது என்று யாருக்குத் தெரியும்?

அவரை நல்லவர் கெட்டவர் என்று தீர்ப்பு எழுதுவதைவிட, அந்த ஏற்பாட்டைப் பார்ப்பது பயனுள்ளது. ஒரு பெரிய குடும்பம், ஒரே வருமானம், அந்த வருமானம் ஒரே உடம்பை நம்பி. மருத்துவக் காப்பீடு இல்லை, சம்பளத்தோடு விடுப்பு இல்லை, நோயைச் சொன்னால் வேலை போகும் என்ற பயம். இந்த ஏற்பாட்டில் அன்பான அப்பாகூட மகளை வேலைக்கு அனுப்புவார். பொறுப்பான மகளும் போவாள். நோயை மேனேஜரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கும் இன்றைய ஊழியருக்கு இந்தப் பயம் புதிதல்ல.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

மதுபாலாவை ரீல்களில் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு சின்ன வரிசை.

'சல்தி கா நாம் காடி' (1958): முதலில் இதைப் பாருங்கள். மதுபாலாவின் நகைச்சுவை டைமிங் எவ்வளவு கச்சிதம் என்பது இரண்டு காட்சிகளிலேயே புரிந்துவிடும். சோகப் பதுமை என்ற பிம்பத்தை இது உடைக்கும்.

'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' (1955): குரு தத் இயக்கி நடித்தது. சொத்துக்காக ஒரு கார்ட்டூனிஸ்ட்டைப் பெயருக்குக் கல்யாணம் செய்துகொள்ளும் பணக்காரப் பெண் வேடம். இந்து திருமணச் சட்டமும் விவாகரத்து உரிமையும் நாடு முழுக்க விவாதமான வருடத்தில் வந்த படம். பெண் விடுதலையைப் படம் கிண்டல் செய்கிறதே என்று இன்று கோபம் வரலாம். மதுபாலாவின் துள்ளல் மட்டும் பழசாகவில்லை. சென்னையில் நோயுற்றதற்கு அடுத்த வருடம் வந்த படம் இது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

'மஹல்' (1949): இரவில், விளக்கை அணைத்துவிட்டு. வேகம் மெதுவாகத்தான் இருக்கும். 16 வயதுப் பெண் அந்த அமைதியை எப்படித் தாங்கிப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள்.

'முகல்-ஏ-ஆஸம்' (1960): கடைசியாக. 2004-ல் முழுக்கக் கலர் சேர்த்து வெளியிட்ட பதிப்பும் இருக்கிறது. முடிந்தால் கறுப்பு வெள்ளைப் பதிப்பைப் பாருங்கள், கண்ணாடி மாளிகை திடீரென்று கலரில் திறக்கும் அதிர்ச்சி அதில்தான் கிடைக்கும்.

அடுத்த பிப்ரவரி 14 அன்று அந்த முகம் மறுபடி ஃபோனில் வரும். அப்போது ரீலை நிறுத்திவிட்டு, இந்தப் படங்களில் ஏதாவது ஒன்றை முழுசாகப் போட்டுப் பாருங்கள்.